நான் பிரேக் பிடித்தேன்

நம் வயதுக்காரர்கள் சின்ன வயதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது. படித்துப் படித்து எனக்கு எரிச்சல்தான் மிச்சம். நானும் அறுபதை நெருங்கிவிட்டேன். எனக்கும் ஒரு சாரல் காலம் ஞாபகம் இருக்கிறது. அதிலும் குற்றாலம் உண்டு, அருவி உண்டு, ரம்புட்டான் பழம் உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது ஒரு பிரேக்கைப் பற்றி. ஒரு ரிமோட் காரின் பிரேக்.

அத்தா, அதாவது என் அப்பா, வளைகுடாவில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுப் பையன் வளர்ந்து படிக்கப் போய்விட்டான். அவன் விட்டுப்போன காரை அத்தாவிடம் கொடுத்தார்கள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் அத்தா லீவில் வந்தபோது அது எனக்கு வந்தது. இருந்திருந்தால் வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் விற்கிற பொம்மை இல்லை அது. அவர்கள் ஊரில் பந்தயம் விடுகிற வகை. முழங்கை நீளம் இருக்கும். மேல் கூடு கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், உள்பக்கமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதனால் எவ்வளவு உரசினாலும் நிறம் போகாது. ஏரியல் ஒயர் ஒரு மெல்லிய மஞ்சள் குழாய்க்குள் நிற்கும். ஓடி முடித்ததும் அடியிலிருந்து சூடான பீங்கானும் கருகின தூசியும் கலந்த ஒரு வாசனை வரும். சார்ஜ் போடுகிற டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

முதலில் ஓட்டியது அச்சன்புதூரில், அத்தாவின் கூட்டாளி ஒருவருடைய ரைஸ் மில் களத்தில். நெல் காயப்போடுகிற சிமென்ட் தரை, வழுவழுவென்று இருக்கும். நெல் கிண்டுகிற அக்காமார் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“ஏட்டி, இதுல யாரு ஒக்காருவா, எலியா?” என்றாள் ஒருத்தி.

“ஒன் மாப்பிள்ளைய ஒக்கார வையி. இப்பிடியாச்சும் நீ சொல்லுத எடத்துக்குப் போவாரு” என்றாள் இன்னொருத்தி.

அந்தக் காருக்குப் பின்னால் போகிற வசதி கிடையாது. ரிமோட்டில் குச்சியை முன்னால் தள்ளினால் ஓடும். பின்னால் இழுத்தால் நிற்கும். எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சைக்கிளுக்கு ரப்பர் கட்டை இருக்கிறது. அத்தா ஓட்டுகிற காருக்கு டிரம்மும் ஷூவும் இருக்கிறது. இதில் சக்கரத்தை எதுவுமே பிடிக்கவில்லை.

அத்தாவும் நானும் அந்தக் குட்டிக் காரின் வயிற்றைத் திறந்து பார்த்தோம். ஒரு வட்டத் தகட்டில் பித்தளைப் பட்டைகள். அவற்றின் மேல் ஒரு கை மாதிரி நகர்கிறது. குச்சியை முன்னால் தள்ளினால் அந்தக் கை ஒவ்வொரு பட்டையாக ஏறும். பேட்டரி கரன்ட் மோட்டாருக்குப் போகும், வேகம் கூடும். பின்னால் இழுத்தால் அந்தப் பட்டைகளை எல்லாம் விட்டுவிட்டுத் தனியாக இருக்கிற ஒரு பட்டையில் போய் நிற்கும். அங்கே பேட்டரிக்குத் தொடர்பே இல்லை. ஒரு குட்டை ஒயர் மட்டும் இருந்தது. மோட்டாரின் ஒரு முனையை மறு முனையோடு சேர்க்கிற ஒயர். அவ்வளவுதான்.

“எப்படி நிக்குதுன்னு தெரியல. ஆனா நல்லா நிக்குது” என்று அத்தா மூடிவிட்டார்.

எப்படி என்று எனக்கு விரல் சொன்னது. குச்சியைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்ற வராது. வெல்லப்பாகில் கரண்டி போட்டுக் கிண்டுகிற மாதிரி இழுக்கும். வேகமாகச் சுற்றினால் அதிகமாக இழுக்கும், மெதுவாகச் சுற்றினால் கொஞ்சமாக இழுக்கும். ஓடும்போதும் அப்படித்தான். முழு வேகத்தில் பிரேக் பிடித்தால் மூக்கு தரையில் குத்துவது போலக் குனியும். கடைசி ஒரு சாண் மட்டும் பூனை மாதிரி மெதுவாக உருண்டு நிற்கும். அந்த ஒரு சாணைக் கணக்குப் பண்ணி, களத்து ஓரத்தில் ஒரு நெல்மணியை வைத்து, அதன் மேல் ஏறாமல் நிறுத்துகிற அளவுக்கு நான் பழகிவிட்டேன். அத்தாவுக்குக்கூட அது வரவில்லை.

“வண்டி எங்கன நிக்கும்னு தெரிஞ்சவதான் டிரைவரு” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வருடம் நான் எட்டாவது. எட்டோடு நிறுத்துவதா, பத்து வரை விடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லாரும் எட்டு போதும் என்றார்கள். அத்தா மட்டும் “பத்து படிக்கட்டும். புத்தியுள்ள புள்ள” என்றார். அவர் சொன்னால் நடக்கும். சம்பாதிக்கிறவர் அவர்தான்.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து எல்லாரும் போனோம். எங்கள் ஊரான தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் அப்படி ஒரு வீடு எடுப்பது அப்போது பெருமை. அத்தா, அம்மா, நான், சாச்சா, சாச்சி, அவர்களுடைய நடை பழகிய மகன். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

சாச்சா அத்தாவின் தம்பி. தென்காசியில் ஒயர்மேன். கல்யாண வீட்டு சீரியல் லைட்டிலிருந்து பள்ளிவாசல் மைக் வரை அவர் கைதான். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒயர் முனையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு, கடைசியில் நுனியைத் தனக்குத்தானே மடித்து ஒரு சின்னக் காது விடுவார். அடுத்த முறை பிரிக்கும்போது நகத்தால் நுனியைத் தேட வேண்டாம், காதைப் பிடித்து இழுத்தால் போதும். எங்கள் வீட்டு காலிங் பெல், கிணற்று மோட்டார், எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புக் காது தொங்கும். வேறு எந்த ஒயர்மேனும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

குற்றாலத்தில் காருக்கு நல்ல கூட்டம் சேர்ந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரிய தாட்டான் குரங்கு காரைக் கண்டு பல்லைக் காட்டிவிட்டுக் காம்பவுண்டில் ஏறிக்கொண்டது.

“காரப் பாத்து ஓடலட்டி, ஒன்னையப் பாத்துத்தான் ஓடுது” என்றாள் சாச்சி. அன்று காலைவரை சாச்சிக்கு என் மேல் பிரியம்தான்.

சாரலில் கார் நனைந்துவிட்டது. “தண்ணி போயிருக்கும், கொண்டா, தொடச்சுத் தாரேன்” என்று சாச்சா வாங்கிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் கண்ணயர்ந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் தூங்கி எழுந்ததும் என்னிடம் கொடுத்தார்.

“இப்போ ஓட்டிப் பாரு, சும்மா பறக்கும்.”

சக்கரத்தை விரலால் தட்டினேன். விர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. நல்லாத் துடைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். குச்சியை இழுத்துவைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை, பெரியவர் கையிலிருந்து வாங்கிய பொருளை ஏன் சோதிக்கும்?

அந்த வீட்டில் வெளிக்கேட்டிலிருந்து முற்றத்துக்கு ஒரு சிமென்ட் சரிவு இறங்கும். கேட்டிலிருந்து முழு வேகத்தில் விட்டேன். பாதிச் சரிவில் பிரேக் பிடித்து முற்றத்தில் நிறுத்துவது நான் தினமும் செய்கிற காரியம். குச்சியை இழுத்தேன். கார் மூக்கைக் குனியவில்லை. இன்னும் இழுத்தேன், குச்சி போய் முட்டிவிட்டது. அப்போதுதான் தம்பி கையில் பாதி மங்குஸ்தானோடு அடுக்களை வாசலிலிருந்து முற்றத்துக்கு வந்தான். திருப்பினேன். ஈரச் சிமென்ட்டில் கார் திரும்பாமல் வழுக்கிக்கொண்டு போய் அவன் கணைக்காலில் இடித்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தம்பி விழுந்தான். கொஞ்ச நேரம் அழாமல் வாயைத் திறந்தபடி கிடந்து, அப்புறம் அழுதான். தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் கீறல். இடுப்புவரை மாவுக்கட்டு.

சாயங்காலம் விசாரணை. சாச்சி தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, “மூதி, ஆம்பளப்புள்ள மாதிரி ரோட்டுல வண்டி விட்டுட்டுத் திரியுதா. எம்புள்ள கால ஒடிச்சுட்டா” என்று என்னைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தா என்னைக் கூப்பிட்டார்.

“பிரேக் பிடிச்சியா இல்லையா?”

“பிடிச்சேன் அத்தா.”

“பிடிச்சா நின்னுருக்கும்லா.”

“பிடிச்சேன், நிக்கல. சாச்சா தொடச்சுத் தந்ததுக்கப்புறம் நிக்கல.”

அத்தா சாச்சாவைப் பார்த்தார். சாச்சா தன் கையைப் பார்த்துக்கொண்டு, “நான் தண்ணியத்தாம்ண்ணே தொடச்சேன். பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

அத்தா என்னை அடித்தார். காரை மோதவிட்டதற்காக அடிக்கவில்லை. பழியை அடுத்தவன் மேல் போட்டதற்காக அடித்தார், அதைச் சொல்லியே அடித்தார். “எந்த டிரைவரும் பிரேக் பிடிக்கலன்னுதான் சொல்லுவான். வண்டி மேல போடுதவன மன்னிச்சிரலாம். நீ மனுசன் மேல போடுத” என்றார். பிறகு அம்மாவிடம், “எட்டோட நிறுத்திரு. இதுக்கு மேல படிச்சு இன்னும் நல்லாப் பொய் சொல்லவா” என்றார். சாச்சா காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், இனி யார் கண்ணிலும் படக்கூடாது என்று.

நிறுத்திவிட்டார்கள். பிறகு தையல், பிறகு கல்யாணம், பிறகு பிள்ளைகள். “காலை ஒடிச்சவ” என்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் சாச்சி சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். “இவ கையில புள்ளயக் குடுத்துராதிங்க.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும்.

பல வருடம் போனபிறகு, நான் பிரேக் பிடித்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் இதில் பெரிய அநியாயம். பள்ளிக்கூடத்தைப் பிடுங்கினார்கள், போகட்டும். என் கை செய்ததை என் கையே நம்பாதபடி செய்துவிட்டார்கள்.

இனி இப்போது நடந்தது. என் மகளை டிப்ளமோ வரை படிக்கவைத்தேன், எலக்ட்ரிக்கல். அவள் தன் மகளுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கிக்கொடுத்திருக்கிறாள். பேத்தி அதை ஓட்டி நிறுத்துகிறாள், கார் மூக்கைக் குனிந்து நிற்கிறது. ஒருமுறை இழுத்தால் பிரேக், விட்டு மறுபடி இழுத்தால் பின்னால் போகிறது. “இதுல எதுட்டி பிரேக்கு?” என்று மகளிடம் கேட்டேன்.

“தனியா ஒண்ணும் கெடயாதும்மா. கரன்ட் குடுத்தா மோட்டாரு சக்கரத்தச் சுத்துது. கரன்ட விட்டுட்டா, ஓடுத சக்கரம் மோட்டாரச் சுத்துது. அப்போ மோட்டாரே டைனமோ. சைக்கிள்ல டைனமோவ அமுக்குனா மிதிக்க கனக்கும்லா? அதே மாதிரி, மோட்டார் ரெண்டு முனையையும் சேத்துவிட்டா அது உண்டாக்குத கரன்டே அத இழுத்துப் புடிக்கும். இப்போ எலக்ட்ரானிக்ல செய்யுதாங்க. பழைய வண்டில ஒரு ஒயர் சேக்கும்.”

“அந்த ஒயர் இல்லன்னா?”

“பிரேக்கே இல்ல.”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். வெல்லப்பாகு என் விரல் நுனியில் இருந்தது.

அதற்கடுத்து சாச்சா ஹஜ்ஜுக்குப் போகிற ஏற்பாடு நடந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி பண்ணியிருக்கிறார்கள். சாச்சாவின் மகன், அந்தத் தம்பிதான், ஒரு சாக்கில் காரைப் போட்டு எடுத்துவந்தான். இப்போது அவனும் ஒயர்மேன். கால் நன்றாக இருக்கிறது, ஏணியில் என்னமாய் ஏறுகிறான். “அக்கா, என் கால ஒடிச்ச வண்டி இதானே. ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க” என்று சிரித்துவிட்டுப் போனான்.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். வட்டத் தகடு பச்சை பூத்திருந்தது. அந்தக் குட்டை ஒயர் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனையிலும் சிவப்பு டேப். நிறம் மங்கிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் மடித்துவிட்ட ஒரு காது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொந்தக்காரர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் ஆட்களில் வழக்கம். சாச்சா ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. டீயைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கிடணும் புள்ள.”

“எத சாச்சா?”

“எதையாச்சும். மொத்தமாத்தான் கேக்கது.”

காரை எடுத்துவந்து டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன். மேல் கூட்டைக் கழற்றினேன்.

“இந்தக் காது யாரு விட்டது?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீட்டின கை மடிக்குப் போய்விட்டது.

“நாந்தான்.”

“ஏன் வெட்டுனிங்க?”

“மோட்டாரு ரெண்டு முனையையும் ஒண்ணாச் சேத்து வச்சிருந்தான். பாத்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. வீட்டு லைன்ல அப்படிச் சேத்தா என்ன ஆகும்? ஷார்ட்டாகி எரிஞ்சு போகும்லா. புள்ள கைல தீப்புடிச்சிரக் கூடாதுன்னுதான் வெட்டுனேன். நல்லதுக்குத்தாம்ட்டி செஞ்சேன்.”

அதை நான் நம்புகிறேன். ஒயர்மேனுக்கு ஷார்ட் என்பது சாவு. அந்த வண்டிக்கு அதுவே பிரேக் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வெட்டியதற்காக எனக்குக் கோபமே கிடையாது.

“அது பிரேக்குன்னு எப்போ தெரிஞ்சுது?”

“தம்பிக்குக் கட்டுப் போட்டுட்டு வந்த மறுநா. நீ சொன்னது மனசுல அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. டேப்ப உருவிட்டு ரெண்டு முனையையும் சேத்துப் புடிச்சுகிட்டுச் சக்கரத்தச் சுத்துனேன். புடிச்சுது. திரும்பவும் டேப்பச் சுத்திப் பரண்ல போட்டுட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன்.”

“யார்ட்ட?”

“ஒங்க அத்தாட்ட.”

தெருவில் மீன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். 

“அண்ணன் முழுசாக் கேட்டாரு. பொறவு, விட்டுரு, இனி இந்தப் பேச்ச எடுக்காதேன்னாரு. தொழில்காரன் கைல தப்புன்னு வெளில தெரிஞ்சா எவன் வீட்டுக்குள்ள விடுவான்னாரு. ஒஞ் சாச்சியும் என்னைய விட்டு வைக்க மாட்டா. ஒன்னையப் பத்தி, அவ சின்னப்புள்ள, மறந்துருவான்னாரு.”

அத்தா வளைகுடாவுக்குத் திரும்பிப் போனது அதற்கெல்லாம் பிறகு. அவருக்குத் தெரியும். தெரிந்தும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதை மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்களே. தன் தம்பியின் பிழைப்புக்குத் தன் மகளை வைத்து அடைத்துவிட்டுப் பிளேன் ஏறினார்.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தா ஹஜ்ஜுக்குப் போகும் முன்னால் இதேபோல என் வீட்டுக்கு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளச் சொன்னார். “நீங்க எனக்கு என்ன தப்பு செஞ்சிங்க அத்தா?” என்று நான் அழுதேன். “இருந்தாலும் வாயால சொல்லு புள்ள” என்றார். பொறுத்துக்கிட்டேன் என்று சொன்னேன். அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு விட்டார், பிறகு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். எவ்வளவு பாசம் என்று பல வருடம் அதை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். எதற்கு என்று சொல்லாமல் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி திருப்பிக் கேட்க அவர் இல்லை.

சாச்சா மறுபடி கையை நீட்டினார். “இப்போ எல்லாத்தையும் சொல்லிட்டேன்லா. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுட்டி.”

“என்ட்ட சொன்னா ஆச்சா? சாச்சிக்கிட்ட சொல்லுங்க. தம்பிக்கிட்ட சொல்லுங்க. கல்யாண வீட்டுல சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, நான் பொறுக்கேன்.”

“இந்த வயசுலயா?”

“எனக்கு என்ன வயசு சாச்சா அன்னைக்கு?”

எழுந்து போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்தார். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் தம்பியிடம் கொடுத்தனுப்பினார்.

அதற்குள் நான் அந்த ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்திருந்தேன். சேர்க்கும் முன்பு பிரித்த இரண்டு டேப்பையும் தூக்கிப் போடவில்லை, கிண்ணத்தில் வைத்திருந்தேன். தம்பியை உட்காரவைத்துக் காரைக் கையில் கொடுத்தேன். தகட்டுக் கையை விரலால் தள்ளி பிரேக் பட்டையில் வைத்து, “சக்கரத்தைச் சுத்து” என்றேன். சுற்றினான். இழுத்தது. பேட்டரி செத்து எத்தனையோ காலம் ஆகிறது. இந்த பிரேக்குக்கு பேட்டரி வேண்டாம், ஒயர் இருந்தால் போதும்.

“நல்லாத்தானக்கா புடிக்குது. பொறவு ஏன் அன்னைக்கு நிக்கல?”

கிண்ணத்தை அவன் முன்னால் தள்ளினேன். ஒரு டேப்பை எடுத்தான். நுனியில் இருந்த காதை விரலால் நிமிர்த்தினான், மறுபடி மடித்தான். அவனும் அப்படித்தான் விடுவான், அவன் அத்தாவிடம் பழகிய கை.  இன்னொரு கை தானாகப் போய்க் கணைக்காலைத் தடவியது.

“ஏன்க்கா இத்தன வருசமா நீங்க சொல்லல?”

“சொன்னேம்லே. அன்னைக்குச் சாயங்காலமே சொன்னேன். நீயும் அங்கனதான் இருந்த, ஒங்க அம்மா மடில.”